உங்கள் ஓட்டுநர் ஊழல் செய்துள்ளார்

மனிதர்கள் இரண்டே வகை. திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடப்பவர்கள் ஒரு வகை. துப்பறிவாளர் பூதக்கண்ணாடி இன்னொரு வகை. இரண்டாவது வகையில் வேறு யாரும் கிடையாது. அவர் ஒருவர் நின்றதுமே அங்கே இடம் நிரம்பிவிட்டது.

இதைச் சொன்னவர் பூதக்கண்ணாடியேதான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, பேருந்தில் தொங்கியபடி, பக்கத்தில் தொங்கிய முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்னை ஆளுங்க ஏமாத்தியிருக்காங்க. ஒரு தடவை நாய்கூட ஏமாத்தியிருக்கு. கம்ப்யூட்டர் ஏமாத்துனதே இல்ல. இலவசமா விளையாடலாம் வான்னா ஓடிப்போய் உக்காந்துடுறான் பாருங்க, அவனுக்கு மூளையும் இலவசமா வந்ததுதான். அப்புறம் வைரஸ் வந்துடுச்சுன்னு அலறுறது."

"நீங்க கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையே அண்ணா," என்றாள் கமா.

"அதனாலதான் அதால ஏமாத்த முடியல."

முன்பின் தெரியாதவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். அது அவருடைய நிறுத்தம் இல்லை என்பதை அவர் முகமே சொன்னது.

பூதக்கண்ணாடி என்பது பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பார். தடயம் பார்க்க இல்லை, செய்தித்தாள் படிக்க. மூக்குக் கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. கமா அவருடைய தங்கை, ஒரே உதவியாளர். அதற்குமுன் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க' என்று ஊர்பேர் தெரியாத மக்களுக்கு ஆறுதல் சொன்னவள். அண்ணன் எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் நடுவில் புகுந்துவிடுவதால் கமா. முற்றுப்புள்ளி வைக்கும் உரிமை தன்னிடம் இருப்பதாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனது ஒரு மெத்தைக் கடைக்கு.

கடை முழுக்க பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள். சத்தமாகப் பேசினாலும் பஞ்சு குடித்துவிடுவதால் எல்லோரும் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. அதற்கு மேல் கிருமிநாசினி வாடை. நாற்காலி என்று ஒன்றுகூட இல்லை.

"மெத்தைக் கடையில நாற்காலி போட்டா தொழிலுக்கே அவமானம். உக்காருங்க சார்," என்றார் முதலாளி.

பூதக்கண்ணாடி உட்கார்ந்தார். மெத்தை அவரை உள்வாங்கிக்கொண்டது. இரண்டு முழங்காலும் ஒரு தலையும் மட்டும் வெளியே தெரிய, அவர் அந்த நிலையிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"விஷயத்தைச் சொல்லுங்க."

"மொட்டைக் கடுதாசி சார்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். கனத்த மனிதர். வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. "ஆனா தபால்ல வரல. வெள்ளிக்கிழமை என் கம்ப்யூட்டர்ல தானா வந்துச்சு. திரையில தெரிஞ்சதை அப்படியே பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

கமா தாளை வாங்கி வாசித்தாள்.

"அவசரம். ஜன்னல்கள் 10 கிருமிகளால் பாதிக்கப்பட்டுள்ளது. உங்கள் அச்சுப்பொறி ஓட்டுநர் ஊழல் செய்துள்ளார். உடனடியாக அவரை நீக்கவும். தாமதித்தால் அனைத்தும் அழியும். இந்தப் பக்கத்தை மூடாதீர்கள்."

"அச்சுப்பொறின்னா?" என்றார் பூதக்கண்ணாடி.

"அது யாருக்கும் புரியல சார்," என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கடையில் மேலாளர் மாதிரி. "ஓட்டுநர் புரிஞ்சுது. நம்ம வேன் டிரைவர்தான். மத்ததுக்கெல்லாம் நடவடிக்கை எடுத்துட்டோம். ஆறு ஜன்னலையும் மருந்து போட்டு மூணு தடவை துடைச்சாச்சு."

"பத்துன்னு போட்டிருக்கே," என்றாள் கமா.

"மீதி நாலைத் தேடிக்கிட்டிருக்கோம்க்கா. பின்பக்கச் சுவரைத் தட்டிப் பாத்தேன், ஒரு இடத்துல வெத்துச் சத்தம் வந்துச்சு. கொஞ்சம் இடிச்சும் பாத்துட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"பக்கத்துக் கடை."

பூதக்கண்ணாடியின் தலை மெத்தைக்குள்ளிருந்து நிமிர்ந்தது. "எழுதுனவனுக்கு இந்தக் கட்டடத்தைப் பத்தி உங்களைவிட அதிகமாத் தெரிஞ்சிருக்கு."

"இல்லன்னா எண்ணத் தெரியல," என்றாள் கமா.

முதலாளி பெருமூச்சு விட்டார். "பதினாலு வருஷமா வேன் ஓட்டுறான் சார். ஒரு மெத்தை நனைஞ்சதில்ல. ஆனா இப்படி எழுதி வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமையே வண்டியை எடுக்காதன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு நாலு மணிக்குக் கணக்கை முடிச்சு அனுப்பப்போறேன். அதுக்குள்ள அவன் என்ன ஊழல் பண்ணான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. தெரியாம நீக்குனா மனசு கேக்காது."

"லெட்டர் ரெடி மாமா," என்று மைத்துனன் சட்டைப் பையைத் தட்டினான். "காரணம்னு ஒரு இடம் விட்டிருக்கும். அதுல ஊழல்னு எழுதி அடிக்கோடும் போட்டுட்டேன்."

அவனுடைய இன்னொரு கையில் ஓட்டப் பழகுபவர் வண்டியில் ஒட்டும் சிவப்பு 'எல்' பலகை இருந்தது. அடுத்த ஓட்டுநர் யார் என்பதைத் துப்பறிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பூதக்கண்ணாடியை மெத்தையிலிருந்து வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஓட்டுநர் பின்பக்கம், வேன் நிற்கும் இடத்தில், மெத்தை கட்டும் கயிறுகளை நீளவாரியாகப் பிரித்துச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். அடுத்து வருபவருக்குக் கயிறு சிக்கக்கூடாதே என்று செய்வதுபோல் இருந்தது.

பூதக்கண்ணாடி முதலில் நான்கு டயரையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். காற்று இருந்தது.

"ஊழல் பண்ணுனீங்களா?"

"எதுல சார்?"

"அதை நாங்க கண்டுபிடிச்சுக்குவோம். பண்ணுனீங்களா இல்லையா?"

"இல்ல சார். ஆனா என்னை ஏன் நீக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதைச் சொன்னா சொன்ன மாதிரிதானே சார்."

பூதக்கண்ணாடி கமாவைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "முடிஞ்சுது கேஸ். வாக்கு குடுத்திருக்கான்னா வாங்குன ஒருத்தன் இருக்கான். கூட்டுச் சதி."

கமா திரும்பி ஓட்டுநரிடம் போனாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

அவர் கயிறைக் கீழே வைத்தார். "வேலை போனாப் போகட்டும்மா. இன்னொரு வண்டி எங்கயாவது கிடைக்கும். அந்த லெட்டர்ல அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு எந்தக் கடை வாசல்ல போய் நிப்பேன்?"

மணி மூன்று பத்து.

கமா தாளை வேனின் முன்கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அண்ணா, இது மனுஷன் எழுதுன தமிழ் இல்ல."

"வெளியூர்க்காரன்."

"வெளி உலகத்துக்காரன். இங்க பாருங்க, கீழ் மூலையில."

தாளின் ஓரத்தில் பாதி அறுபட்ட ஒரு நீல உருண்டை. அதிலிருந்து ஒரு சின்ன வால் தொங்கியது. பூதக்கண்ணாடி லென்ஸை வைத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"வெடிகுண்டு. இது திரி."

"பலூன் அண்ணா. இது நூல்."

"பலூன் மாதிரி செஞ்ச வெடிகுண்டா இருக்கும்."

"பக்கத்துல நேரம் போட்டிருக்கு. மூணு நாப்பத்திரண்டு. வாங்க உள்ள."

கடைக்குள் கமா முதலாளியிடம் மூன்றே கேள்விகள் கேட்டாள். முதல் கேள்வி, வெள்ளிக்கிழமை மூன்று நாற்பத்திரண்டுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் யார் இருந்தது.

"நான்தான். தினம் மூணுல இருந்து நாலு வரைக்கும் ஸ்டாக் பாப்பேன். கதவைச் சாத்திப்பேன். யாரும் வரக்கூடாது."

"ஆமாக்கா," என்றான் மைத்துனன் பயபக்தியோடு. "உள்ள டப் டப்னு சத்தம் மட்டும் கேக்கும். ஒவ்வொரு மெத்தையோட பட்டனையும் தட்டித் தட்டிப் பாப்பாரு. சில நாள் 'அடச்சே, போச்சே'ன்னுவாரு. அவ்வளவு ஈடுபாடு."

"ரூம்ல மெத்தை இருக்கா?"

மைத்துனன் யோசித்தான். "இல்ல."

"விரல்ல என்ன சார்?" இது இரண்டாவது.

"மெத்தை தைக்கும்போது ஊசி குத்திடுச்சு."

"மெத்தை எல்லாம் தைச்சேதான் மாமா வருது," என்றான் மைத்துனன். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் கிருமி இருந்தால் செத்திருக்கும்.

"கடைசிக் கேள்வி. கம்ப்யூட்டர் எங்க?"

முதலாளியின் அறையில், மேசை மேல், கம்ப்யூட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தலையணைகள் நின்றன. மெத்தை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளிருந்து, தொண்டை அடைத்த சைரன்போல ஒரு முனகல்.

"நாலு நாளா இப்படித்தான் கத்துது. மூடாதீர்கள்னு போட்டிருந்ததால ஆஃப் பண்ணல," என்றார் முதலாளி.

"நான் அப்பவே சொன்னேன்க்கா," என்றான் மைத்துனன். "மூடாதேன்னு போட்டிருக்கு, தலையணை போட்டு மூடலாமான்னு கேட்டேன். அதான் அந்த மூலையில மட்டும் கொஞ்சம் திறந்து விட்டிருக்கோம்."

கமா கயிற்றை அவிழ்த்தாள். அறை சிவந்தது. சைரன் முழுக் குரலில் எழுந்தது. திரையின் கீழே ஒரு போன் நம்பர் விட்டுவிட்டு மின்னியது. எந்தத் திரைக்கும் அஞ்சாத பூதக்கண்ணாடி, வெளிப்புறப் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டியிருப்பதாகச் சொல்லி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற இரட்டை மெத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இந்த நம்பருக்குப் பேசுனீங்களா?"

"மூணு தடவை. பிஸியாவே இருந்துச்சு."

"உங்க அதிர்ஷ்டம். லைன் கிடைச்சிருந்தா கம்ப்யூட்டரோட சாவியையே வாங்கியிருப்பாங்க. சரி, கடையில பிரிண்டர் எத்தனை?"

"ஒண்ணுதான்."

"இந்தத் தாள் அதுல வந்ததா?"

"ஆமா, பளிச்சுனு வந்துச்சு."

"அச்சுப்பொறின்னா பிரிண்டர் சார். பிரிண்டரை ஓட்டுறதுக்குக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு குட்டி மென்பொருள் இருக்கும். அதுக்குப் பேரு டிரைவர். அது கெட்டுப்போச்சுன்னு இங்கிலீஷ்ல சொல்ல கரப்ட்னு ஒரு வார்த்தை. நீங்க எல்லாமே தமிழ்ல வரணும்னு மொழிபெயர்ப்பைப் போட்டு வச்சிருக்கீங்க. மெஷினுக்குத் தெரிஞ்ச தமிழ்ல கரப்ட்னா ஊழல், டிரைவர்னா ஓட்டுநர். விண்டோஸ் பத்துங்கறது ஜன்னல்கள் பத்து."

சைரன் மட்டும் பேசியது.

"அப்ப அந்த நாலு ஜன்னல்..." என்று தொடங்கிய மைத்துனன், பின்பக்கச் சுவரின் திசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"அப்ப என் பிரிண்டர் கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி.

"அதுவும் பொய். டிரைவர் கெட்டுப்போயிருந்தா இந்தத் தாளே வெளிய வந்திருக்காது. தன் மேல போட்ட குற்றப்பத்திரிகையைத் தானே பத்திரமா டெலிவரி பண்ணியிருக்காரு பாவம்." கமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடையின் ஒரே நாற்காலி இங்கேதான் இருந்தது. "இது வைரஸே இல்ல சார். வைரஸ் வைரஸ்னு கத்துற விளம்பரம். முன்பின் தெரியாதவன் ஒருத்தன் பூட்டுன வீட்டு வாசல்ல நின்னு, 'உள்ள பாம்பு இருக்கு, சாவியைக் குடுங்க'ன்னு கத்துறான். ரோட்டுல நிக்கிறவனுக்கு உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?"

"அப்ப எதையுமே நம்பக் கூடாதா?"

"அப்படியும் இல்ல. நாமளே போட்டு வச்ச ஆன்டிவைரஸ்னு ஒண்ணு உள்ள இருக்கும். அது வீட்டு ஆளு. அது சொன்னாக் கேக்கணும். அது சைரன் அடிக்காது, போன் நம்பர் குடுக்காது, உடனேன்னு அவசரப்படுத்தாது. சந்தேகம் வந்தா சிவப்புல இருக்கற எதையும் தொடாம, இதை மூடிட்டு, வீட்டு ஆளைக் கேக்கணும்."

அவள் விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். சிவப்பு போயிற்று. சைரன் நின்றது. வீட்டு ஆளைக் கூப்பிட்டு வீட்டைச் சோதிக்கச் சொன்னாள். அது இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, மூலையில் ஒரு சின்னப் பெட்டியில், சலித்துப்போன குமாஸ்தாவின் தொனியில், ஒன்றும் இல்லை என்றது.

சத்தம் அடங்கியதால் பூதக்கண்ணாடியும் பாதுகாப்புப் பணி முடிந்து உள்ளே வந்தார். அவர் கண்ணில்தான் அது முதலில் பட்டது. சிவப்புப் பெட்டி மறைத்திருந்த இடத்தில் இப்போது வானம் தெரிந்தது. வானம் நிறைய பலூன்கள். நீலம், பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நூல். மேலே எழுதியிருந்தது: 'ஆடுபவர்: மெத்தை மன்னன். நிலை 214. இலவசம்.'

"நான் சொன்னேன்ல," என்றார் பூதக்கண்ணாடி, "இந்தக் கேஸ்ல ஒரு பலூன் இருக்குன்னு."

முதலாளி பிளாஸ்திரி போட்ட விரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டார். "அது... ஸ்டாக்."

"விளையாடுனது தப்பே இல்ல சார்," என்றாள் கமா. "இலவசம்னா நடுவுல விளம்பரம் வரும், அதுல சிலது கத்தும். எதையாவது இறக்கிக்கச் சொன்னா மாட்டேன்னு மூடிட்டு அடுத்த பலூனைப் பாக்க வேண்டியதுதான். விளையாடலன்னு சொன்னதுலதான் இவ்வளவு தூரம் வந்துடுச்சு."

மணி நான்கு. சொல்லிவைத்தாற்போல் கதவில் தட்டும் சத்தம். ஓட்டுநர், வேன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் பார்வை தற்செயலாகத் திரையில் பட்டது. உடனே முகத்தைத் திருப்பி, மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் கமா.

"ஒண்ணும் பாக்கலம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு மின்விசிறியிடமே சொன்னார்: "முதலாளி, சத்தியமா நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

முதலாளி நிமிர்ந்தார். "எதை?"

"இதைத்தான். ரெண்டு மாசம் முன்ன சாவி எடுக்க வந்தப்போ நீங்க... ஸ்டாக் பாத்துக்கிட்டிருந்தீங்க. யாருக்கும் சொல்லாதடான்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டீங்க. வெள்ளிக்கிழமை நீ வண்டியைத் தொடாதேன்னதும் புரிஞ்சுக்கிட்டேன். நான் பாத்துட்டேங்கறதுக்காகத்தான் அனுப்புறீங்க. பாத்தது தப்புதான். கதவைத் தட்டிட்டு வந்திருக்கணும். அதான் இன்னைக்குத் தட்டுனேன்."

திரையில் ஒரு மஞ்சள் பலூன் மெதுவாக மேலே போய், யாரும் உடைக்காததால் அப்படியே வானத்தில் மறைந்தது.

முதலாளி மைத்துனனின் சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தார். அடிக்கோட்டைப் பார்த்தார். இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழிக்க வரவில்லை. குப்பைக்கூடையில் போட்டார்.

"சாவியை வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? மூணு வீட்டு மெத்தை நாலு நாளாக் கெடக்கு. அவங்க எல்லாம் தரையிலயா படுப்பாங்க?"

ஓட்டுநர் உள்ளங்கையை மூடினார். மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கித் திரையைப் பார்த்தார். இந்த முறை நேராகவே பார்த்தார்.

"இருநூத்திப் பதினாலா முதலாளி? அன்னைக்குத் தொண்ணூறுல இருந்தீங்க."

"மஞ்சளை முதல்ல உடைக்கக் கூடாது. நீலத்தை உடைக்கணும்," என்றார் முதலாளி. மன்னிப்புக் கேட்பதில் அவருக்கு இவ்வளவுதான் வரும் என்பது பதினாலு வருடப் பழக்கத்தில் ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது.

மைத்துனன் 'எல்' பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரை அடைக்க ஆள் பார்க்கப் போனான்.

கம்ப்யூட்டரை மூடியிருந்த இரண்டு தலையணைகளையும் முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் பேருந்தில் பூதக்கண்ணாடி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு முன்பின் தெரியாதவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வைரஸ் வந்துடுச்சுன்னு ஜன்னலைத் துடைச்சிருக்கான் சார். நிஜ ஜன்னலை. ஈரத் துணி வச்சு. இவனுங்களை எல்லாம் என்ன சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கையிடம்: "அந்த விளையாட்டுக்கு என்ன பேரு? ரிப்போர்ட்ல எழுதணும்."

"நம்ம ரிப்போர்ட்டே எழுதறதில்லையே."

"இனிமே எழுதலாம்னு இருக்கேன்."

கமா சொன்னாள்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போனாள். துப்பறியும் அலுவலகம் இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஒரு மேசை, அவளுடைய கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். திரும்பிப் படியேறும்போது முதல் மாடியிலேயே கேட்டது. டப். டப். டப். பிறகு ஒரு சைரன். பிறகு அந்தச் சைரன் பஞ்சுக்குள் போனது.

அவள் கதவைத் திறந்தாள்.

மேசை மேல் கம்ப்யூட்டரின் முகத்தில் மெத்தைக் கடைத் தலையணை சாத்தியிருந்தது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. பூதக்கண்ணாடி முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு, ஜன்னல் அருகே நின்றுகொண்டிருந்தார். கையில் ஈரத் துணி.

"என்ன அண்ணா பண்றீங்க?"

"தூசி."

கமா ஜெராக்ஸை மேசையில் வைத்தாள். தலையணையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"மீதி ஒன்பது?"

அவர் துணியைத் திருப்பிப் பிடித்து, அதே ஜன்னலை இரண்டாவது முறை துடைத்தார்.